பிடியாணை இல்லாமல் லயத்துக் காம்பராவுக்குள் பொலிஸார் வரலாமா?

கேட்டிருப்பவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். இரவு பத்து மணிக்குப் பிறகு சிவில் உடையில் நான்கு பேர் வந்து, லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) தங்கள் காம்பராவைத் தட்டித் திறக்க வைத்து, அலுமாரியையும் அரிசி வாளியையும் கிளறியிருக்கிறார்கள். உள்ளே ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு இஸ்தோப்பு எனும் முன் திண்ணையின் கூரைக்கும் பக்கத்துக் காம்பராவின் சுவருக்கும் இடையிலிருந்து சிறு போதைப்பொருள் பொட்டலம் ஒன்றை எடுத்ததாகச் சொல்லி, அவருடைய தம்பியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பிடியாணை எதுவும் காட்டப்படவில்லை. எதற்காகக் கொண்டுபோகிறார்கள் என்று தாயாரிடம் சொல்லவும் இல்லை. பிடியாணை இல்லாத இந்தக் கைது செல்லுமா, அந்தக் காரணத்தாலேயே வழக்கைத் தள்ளுபடி செய்விக்க முடியுமா என்று கேட்கிறார். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கைது சட்டப்படியானதா என்பது ஒன்று; வீட்டைச் சோதித்தது சட்டப்படியானதா என்பது இன்னொன்று; இரண்டுமே தவறு என்று வைத்துக்கொண்டாலும் அதனால் வழக்கு விழுமா என்பது மூன்றாவது. இவற்றைக் கலந்து பேசுவதால்தான் ஊரில் ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள்.

மலையகத்து நீதிமன்றங்களில் நெடுங்காலமாகச் சட்டத்தரணியாகத் தொழில் செய்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் தம்பி தொடர்பாக பொலிஸார் நீதவானுக்குச் சமர்ப்பித்த விசாரணை அறிக்கையான பீ அறிக்கையையோ பொலிஸ் குறிப்புகளையோ நான் பார்க்கவில்லை. ஆகவே சட்டம் எப்படி இயங்குகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியுமே தவிர, அந்த வழக்கின் முடிவைச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் தாமதிக்காமல் சொல்லிவிடுகிறேன்: பிடியாணை இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போதைப்பொருள் வழக்கொன்றை நம் நாட்டில் வெல்ல முடியாது. தோட்டத்துக் குடும்பங்கள் பல இந்த ஒரே நம்பிக்கையில் முதல் மாதத்தைக் கழித்துவிடுகின்றன. உண்மையில் கைகொடுக்கக்கூடியவை அந்த மாதத்துக்குள்தான் கைநழுவிப் போகின்றன.

கைதில் இருந்து தொடங்குகிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமொன்றில் ஒருவர் சம்பந்தப்பட்டிருந்தாலோ, அப்படிச் சம்பந்தப்பட்டார் என்பதற்கு நியாயமான முறைப்பாடோ நம்பத்தக்க தகவலோ நியாயமான சந்தேகமோ இருந்தாலோ, நீதவானின் கட்டளை இல்லாமலே அவரைக் கைது செய்ய இடமளிக்கிறது. ஹெரோயின், ஐஸ் போன்றவற்றை வைத்திருப்பதும் கடத்துவதும் அந்த வகைக் குற்றங்களே. எனவே பிடியாணை இல்லாமல் கைது செய்ததே சட்டவிரோதம் என்ற வாதம் முதல் படியிலேயே நின்றுவிடும். சந்தேகம் நியாயமானதா என்ற கேள்வி அப்படி நிற்பதில்லை. 1951ஆம் ஆண்டின் முத்துசாமி எதிர் கன்னங்கர வழக்கில் நீதியரசர் கிரேஷியன், பிடியாணையின்றித் தனியார் வீடுகளைச் சோதிக்கவோ மக்களைக் கைது செய்யவோ முற்படும் பொலிஸாரின் செயல்களை அவர்களுடைய மேலதிகாரிகளும், அவர்களுக்கும் மேலாக நீதிமன்றங்களும், மிகுந்த விழிப்போடு ஆராய வேண்டும் என்றார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வரிகள் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகின்றன. 1994இல் அறிக்கையிடப்பட்ட சன்ன பீரிஸ் எதிர் சட்டமா அதிபர் வழக்கில் உயர் நீதிமன்றமும், இந்த ஆள் ஏதோ செய்கிறான் போலும் என்ற பொதுப்படையான ஐயம் போதாது, சந்தேகம் குறிப்பிட்ட உண்மைகளில் ஊன்றி நிற்க வேண்டும் என்ற நிலைப்பாட்டையே எடுத்தது.

நடைமுறையில் பொலிஸார் ஒற்றர் தகவல் ஒன்றைக் காட்டுவார்கள். தகவல் தந்தவர் யார் என்பதை வெளிப்படுத்தும்படி அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பை அவர்களுக்குக் கொடுக்கிறது. ஆனால் எப்போது என்ன தகவல் வந்தது, எந்த நேரத்தில் நிலையத்தை விட்டுப் புறப்பட்டார்கள், யார் யார் சென்றார்கள் என்பவை அவர்களுடைய குறிப்புகளில் பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் விடயத்தில் நான் முதலில் பார்க்க விரும்புவது அந்தப் பதிவைத்தான். பெயர் சொல்லி உங்கள் தம்பியைப் பற்றித் தகவல் வந்ததா, அல்லது அந்த லயத்தில் யாரோ ஒருவரிடம் இருக்கிறது என்று வந்ததா? இரண்டாவது என்றால், சோதனைக்கு முன்னர் அவர்மீது தனிப்பட்ட சந்தேகம் எதுவும் இருக்கவில்லை என்றாகிறது. கைது முழுவதும் அந்தப் பொட்டலத்தின் மீதே நிற்கிறது. அந்தப் பொட்டலமோ பொதுச் சுவரொன்றின் இடுக்கில் கிடைத்தது.

காரணம் சொல்லாமல் கொண்டுபோனது தனியாகவே ஒரு மீறல். கைது செய்யப்படும் எவருக்கும் அதற்கான காரணம் தெரிவிக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை சொல்கிறது; சட்டக்கோவையின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. "ஸ்டேஷனுக்கு வா, ஒரு வாக்குமூலம் எடுக்க வேண்டும்" என்று அழைத்துப் போய் அங்கே வைத்துக்கொள்வது இந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது. 1954ஆம் ஆண்டின் கொரயா எதிர் மகாராணி வழக்கிலிருந்தே உண்மையான காரணம் சொல்லப்பட வேண்டும் என்பது நிலைபெற்ற சட்டம். ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். காரணம் சொல்லப்பட வேண்டியவர் கைதானவர். தாயாருக்குச் சொல்லாதது வருத்தத்துக்குரியது. ஆனால் மீறலை நிறுவுவதற்கு, தம்பியிடம் என்ன சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள், அது அவருக்கு விளங்கியதா என்பதே தேவைப்படும். சிவில் உடையில் வந்ததைப் பலர் பெரிய தவறாகக் கருதுகிறார்கள். சீருடை இல்லாததனால் மட்டும் கைது கெட்டுப்போகாது. தாங்கள் யார் என்பதை வெளிப்படுத்தாமல் செய்திருந்தால் அது வேறு கதை.

வீட்டுச் சோதனை இதைவிடச் சிக்கலானது. பொது விதி, நீதவானிடம் தேடுதல் ஆணை பெற்றுக்கொண்டு வருவது. ஆனால் கைது செய்யப்பட வேண்டியவர் ஓர் இடத்துக்குள் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், அவ்விடத்தில் குடியிருப்பவர் பொலிஸாரை உள்ளே விட வேண்டும் என்று சட்டக்கோவையே சொல்கிறது. கைதான பிறகு அவருடைய உடலையும் உடைமைகளையும் சோதிக்க 29ஆம் பிரிவு இடமளிக்கிறது. கசிப்பு எனும் கள்ளச் சாராயத்தைத் தேடி வரும் மதுவரி அதிகாரிகள் தொடர்பில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது: ஆணை பெறும்வரை காத்திருந்தால் குற்றவாளி தப்பிவிடுவான் அல்லது தடயம் மறைக்கப்பட்டுவிடும் என்று நம்பினால், அந்த நம்பிக்கைக்கான காரணங்களை எழுத்தில் பதிந்துவிட்டு, இரவோ பகலோ உள்ளே நுழையலாம். வந்தவர்கள் பொலிஸாரா, விசேட அதிரடிப்படையினரா, மதுவரித் திணைக்களத்தினரா என்பதை அறிந்துகொள்வது இதனால்தான் முக்கியம். அவரவர் அதிகாரத்தின் ஊற்று வெவ்வேறு. அவசரம் ஏதும் இல்லாமல், முன்னரே தகவல் இருந்தும், ஆணை பெறப் போதிய நேரம் இருந்தும், இரவில் ஆணையின்றி ஒரு வீட்டைத் தலைகீழாகக் கிளறியிருந்தால், அது அதிகார மீறல் என்று வாதிட வலுவான இடம் உண்டு என்பது என் கருத்து.

தோட்டத்தில் இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. "துரையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தோம்", "தலைவர் கூடவே வந்தார்" என்று பொலிஸார் சொல்வதும், துரைக்குத் தெரியாமல் லயத்துக்குள் வந்ததால் சோதனை செல்லாது என்று மக்கள் நம்புவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். நிலம் கம்பனியின் பொறுப்பில் இருக்கலாம். காம்பராவுக்குள் குடியிருப்பது உங்கள் குடும்பம். தேடுதல் ஆணை இல்லாத இடத்தில் சம்மதம் என்று ஒன்று பேசப்படுமானால், அது குடியிருப்பவரின் சம்மதமாக இருக்க வேண்டும். தோட்ட முகாமையாளரோ தொழிற்சங்கத் தலைவரோ உங்கள் சார்பில் அதைக் கொடுக்க முடியாது. அதேபோல அவர்களுக்கு அறிவிக்காதது சோதனையைச் செல்லுபடியற்றதாக்கவும் மாட்டாது. ஆணை இருந்த வழக்குகளில்கூட, தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் மட்டும் எழுதிவிட்டு லயத்தின் இலக்கத்தையும் காம்பராவின் இலக்கத்தையும் விட்டுவிடும் நிலை ஏற்படலாம். தனித்தனி முகவரி இல்லாத நம் மக்களுக்கு அது சிறிய குறை அல்ல. அப்படி ஓர் ஆணை காட்டப்பட்டால் எந்த வீடு என்று அதில் எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள். முடிந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்களைச் சோதிப்பதைப் பற்றிச் சட்டத்தில் ஐயமே இல்லை: பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியத்தைக் கண்டிப்பாகப் பேணி. பெண் உத்தியோகத்தர் இல்லாத குழு உங்கள் தாயாரையோ சகோதரியையோ தொட்டுச் சோதித்திருந்தால் அதைத் தனியாக முறைப்பாடு செய்யுங்கள். தெருச் சோதனை வேறு. சிவனொளிபாதமலைப் பருவ காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் பஸ்களை நிறுத்தி மோப்ப நாயை ஏற்றி, கஞ்சாப் பொட்டலத்தோடு வரும் இளைஞர்களைப் பிடித்து ஹட்டன் நீதவான் முன் நிறுத்துவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். நாய் ஒருவரின் பையைக் காட்டினால் அந்தப் பையைச் சோதிக்கச் சந்தேகம் பிறந்துவிட்டது எனலாம். எந்தச் சந்தேகமும் இன்றிப் பஸ்ஸில் உள்ள அத்தனை பேரின் உடலையும் தடவிப் பார்க்கும் பொது அதிகாரம், அவசரகால ஒழுங்குவிதிகளோ வேறு விசேட சட்டமோ நடைமுறையில் இல்லாத நேரத்தில், சாதாரணச் சட்டத்தில் எனக்குத் தென்படவில்லை. ஆனால் இதை யாரும் நேராக வழக்காடித் தீர்த்துக்கொள்வதில்லை. சிறிதளவு கஞ்சா வழக்குகள் பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டுவதோடு முடிந்துவிடுகின்றன.

இனி மூன்றாவது கேள்வி. சோதனை சட்டவிரோதமென்று வைத்துக்கொண்டால், அதில் கிடைத்த பொட்டலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காமல் விடுமா? பலர் இந்தியத் தமிழ்க் கட்டுரைகளையும் காணொளிகளையும் பார்த்துவிட்டு, கெஜட் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதவான் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்கும் உரிமை தமக்கு இருக்கிறது என்று நம்புகிறார்கள். அது இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 50ஆம் பிரிவு. இலங்கையில் அதற்கு இடமில்லை. சட்டவிரோதச் சோதனையில் கிடைத்ததை விலக்கிவிடும் அமெரிக்க விதியும் நம்முடையது அல்ல. நம் நீதிமன்றங்கள் ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றுகின்றன. கென்யாவில் இருந்து வந்த குருமா வழக்கில் 1955இல் இலண்டனில் இருந்த இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் சொன்னபடி, ஒரு சான்று வழக்குக்குப் பொருத்தமானதாக இருந்தால், அது பெறப்பட்ட விதம் தவறானது என்பதற்காக மட்டும் தள்ளப்படுவதில்லை. இது உங்களுக்கு ஏமாற்றம் தரும் என்பது தெரியும். இருந்தும் இதை மறைத்து நம்பிக்கை ஊட்டுவது உங்களுக்குச் செய்யும் தீங்கு. சட்டவிரோதச் சோதனைக்கு நம் சட்டத்தில் உள்ள நேரடிப் பரிகாரம் அடிப்படை உரிமை மனு; குற்றவியல் வழக்கில் அதற்கு மறைமுகப் பயன்தான் உண்டு. முறையை மீறிய அதிகாரியின் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்று நீதிபதி யோசிப்பார். அந்த யோசனை பல வழக்குகளில் தீர்ப்பையே மாற்றியிருக்கிறது.

அந்த நம்பகத்தன்மை இரண்டு இடங்களில் சோதிக்கப்படும். முதலாவது, பொட்டலம் யாருடைய வசத்தில் இருந்தது என்பது. ஒருவர் போதைப்பொருளை வைத்திருந்தார் என்று நிறுவ, அது அவருடைய தனி ஆளுகையில் இருந்ததையும் அது இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்ததையும் முறைப்பாட்டுத் தரப்பு காட்ட வேண்டும். சட்டைப் பையில் இருந்து எடுத்தால் அது எளிது. லயத்தில் அப்படி அல்ல. ஒரே கூரை பத்துக் காம்பராக்களையும் மூடியிருக்கிறது; தடுப்புச் சுவர் கூரைவரை எட்டாத லயங்களும் உண்டு; இஸ்தோப்பில் எவரும் வந்து உட்காரலாம்; மலசலகூடமும் தண்ணீர்ப் பீலியும் பொது. கூரைக்கும் பக்கத்துச் சுவருக்கும் இடைப்பட்ட இடுக்குக்கு எத்தனை பேரின் கை எட்டும் என்பது உங்கள் வழக்கின் உயிர்நாடியாக இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பல கோணங்களில் படம் எடுத்து வையுங்கள். உங்கள் இஸ்தோப்பில் இருந்து அதை எட்ட எதன்மேல் ஏற வேண்டும், பக்கத்துக் காம்பராவில் இருந்து எட்டுமா என்பது அந்தப் படங்களில் தெரிய வேண்டும். தோட்ட நிர்வாகம் கூரைத் தகரம் மாற்ற வந்தால் அந்தச் சான்று போய்விடும். அதற்கு முன்பே செய்யுங்கள்.

இரண்டாவது, பொட்டலம் பயணம் செய்த வழி. கைதான இடத்தில் இருந்து அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போய்ச் சேரும்வரை அது யார் யார் கையில் இருந்தது, எங்கே வைக்கப்பட்டது, இடையில் மாற்றவோ கலக்கவோ வாய்ப்பு இருந்ததா என்பதை முறைப்பாட்டுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும். 1998இல் அறிக்கையிடப்பட்ட பெரேரா எதிர் சட்டமா அதிபர் வழக்கு முதல் இது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுள்ளது: திரும்பி வரும் பயணத்தைவிடப் பகுப்பாய்வாளரை நோக்கிப் போகும் பயணமே முக்கியம். வழக்கமாக நடக்க வேண்டியது இது. சந்தேகநபர் பார்த்திருக்க நிறுக்க வேண்டும். உறையில் இட்டு முத்திரை வைத்து அவருடைய பெருவிரல் அடையாளத்தை அதன்மேல் எடுக்க வேண்டும். வழக்குப் பொருள் பதிவேட்டில் இலக்கமிட்டுப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். நிலையத்தில் நுண்தராசு இல்லாத போது நகரத்து நகைக்கடைக்கோ அடகுக்கடைக்கோ கொண்டுபோய் நிறுப்பதும் உண்டு. அப்போது அந்தக் கடைக்காரரும் சாட்சியாகிறார். தம்பியைச் சிறையில் சந்திக்கும்போது இவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே காட்டினார்களா, ஜீப்பில் யார் கையில் இருந்தது, தன் கண்முன் நிறுத்தார்களா, எங்கே நிறுத்தார்கள், எந்த உறையில் விரல் வைக்கச் சொன்னார்கள், அந்த உறை அப்போது மூடியிருந்ததா திறந்திருந்ததா. நினைவு மங்குவதற்குள் கேட்டு, சொன்னபடியே எழுதி, திகதியிட்டு வையுங்கள். இந்த வழக்குகளில் விடுதலைகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

நேரக் கணக்கும் உண்டு. பிடியாணையின்றிக் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்கு மேல் பொலிஸார் வைத்திருக்க முடியாது. அதற்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அபாயகர ஔடதங்கள் (போதைப்பொருளுக்குச் சட்டம் இடும் பெயர்) தொடர்பான வழக்குகளில் நீதவானின் உத்தரவைப் பெற்று 7 நாட்கள் வரை தடுத்து வைத்து விசாரிக்கலாம். அந்த உத்தரவு இல்லாமல் "விசாரணை முடியவில்லை" என்று வைத்திருப்பது மீறல். நேரம் ஓடத் தொடங்குவது நிலையப் புத்தகத்தில் எழுதிய நிமிடத்தில் அல்ல, லயத்தில் அவருடைய நடமாட்டம் தடுக்கப்பட்ட நிமிடத்தில். கைது நேரம் தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்று ஐயம் இருந்தால், அந்த இரவில் நீங்கள் யார் யாருக்கு அழைப்பு எடுத்தீர்கள் என்ற தொலைபேசிப் பதிவே முதல் சான்று. சந்தியில் உள்ள கடைகளின் கண்காணிப்புக் கமராப் பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடும். அவற்றைக் கேட்டுப் பெறுவது இன்றே செய்ய வேண்டிய வேலை.

வாக்குமூலம் பற்றி எனக்கு ஆழ்ந்த கவலை உண்டு. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுக்கப்பட்ட குற்ற ஒப்புதல், சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, கொடுத்தவருக்கு எதிராக நிறுவப்பட முடியாதது. எனினும் அந்த வாக்குமூலத்தின் பேரில் ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி 27ஆம் பிரிவின் வழியாக உள்ளே வரலாம். நம் பிள்ளைகள் சிங்களத்தில் எழுதப்பட்டதை வாசிக்கத் தெரியாமலே கையெழுத்திடுவது வழமையாகிவிட்டது. தமிழில் அலுவல் நடத்திக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கொடுக்கிறது. தமிழில் எழுத ஆள் இல்லை என்று சொல்லி, சிங்களத்தில் எழுதிய பக்கத்தைக் கையெழுத்துக்குக் காட்டினால், கையெழுத்துக்கு மேலே "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை" என்று தமிழிலேயே எழுதிவிட்டு ஒப்பமிடலாம். அடிக்கப்பட்டிருந்தால் நீதவானிடம் முதல் நாளே வாய் திறந்து சொல்ல வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துச் சொன்னால் காயமும் இருக்காது, நம்பிக்கையும் குறையும். சட்டத்தரணி ஒருவர் நிலையத்துக்கு வந்தால் அவரைப் பொறுப்பதிகாரி மரியாதையோடு சந்திக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் பொலிஸ் விதிகள் சொல்கின்றன. விசாரணை அறைக்குள் அவரும் கூடவே அமரலாமா என்பதில் சாதாரணச் சட்டம் தெளிவான உரிமையொன்றைத் தரவில்லை.

கைத்தொலைபேசியின் பூட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்ப்பது இன்று ஒவ்வொரு கைதிலும் நடக்கிறது. இது உண்மையிலேயே தீராத கேள்வி. நம் அரசியலமைப்பில் அந்தரங்கத்துக்கான உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை; கைதானவரின் உடைமையைச் சோதிக்கும் அதிகாரம் தொலைபேசியின் உள்ளடக்கத்துக்கும் விரிகிறதா என்பதை இரண்டு விதமாகவும் வாதிடலாம். கட்டாயத்தின் பேரில் திறந்தாரா, தானாகத் திறந்தாரா என்பதையாவது குறித்து வையுங்கள்.

பிணை பற்றியும் கேட்பீர்கள். ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ என்றால் சட்டத்தில் உள்ள தண்டனை மரணம் அல்லது ஆயுட் சிறை. 1976க்குப் பிறகு இந்நாட்டில் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்றாலும் விதிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அபாயகர ஔடதங்கள் பற்றிய சட்டத்தைத் திருத்திய 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமினையும் சேர்த்ததோடு, பிணை விதிகளையும் மாற்றியது. இத்தகைய பாரிய குற்றச்சாட்டில் நீதவான் பிணை வழங்க முடியாது. விதிவிலக்கான சூழ்நிலைகள் காட்டப்பட்டால் மேல் நீதிமன்றம் வழங்கலாம். தூய அளவு 10 கிராமோ அதற்கு மேலோ ஆகி, தண்டனை மரணமோ ஆயுட் சிறையோ ஆனால், மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இங்கே கணக்கில் எடுக்கப்படுவது பகுப்பாய்வாளர் அறிக்கையில் வரும் தூய அளவு, நிலையத்தில் நிறுத்த பொட்டலத்தின் மொத்த எடை அல்ல. பொட்டலத்தில் பெரும்பகுதி கலப்பாக இருப்பது சாதாரணம் என்பதால், அறிக்கை வந்த பிறகு வழக்கின் முகமே மாறிவிடலாம். அறிக்கையை விரைவாகப் பெறும்படி ஒவ்வொரு தவணையிலும் உங்கள் சட்டத்தரணி நீதவானிடம் கேட்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு நடந்தது தனி நிகழ்வு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17இல் தொடங்கிய யுக்திய எனும் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின்போது, ஆணையில்லாச் சோதனைகள், எழுந்தமானமான கைதுகள், பொது இடத்தில் ஆடை களைந்து சோதித்தல் ஆகியவை பற்றி ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் அலுவலகம் 2024 ஜனவரியில் வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது. போதைப்பொருள் நம் லயங்களில் எத்தனை குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது என்பதை நேரில் பார்க்கிறவன் நான். அதைத் துடைத்தெறிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சட்டத்தை மீறிப் பிடிக்கப்பட்ட வழக்குகள் மேல் நீதிமன்றத்தில் சரிந்து விழும்போது, உண்மையான வியாபாரியும் அதே வாசல் வழியாக வெளியே வருகிறான் என்பதாலும் இந்த விதிகள் காக்கப்பட வேண்டும்.

சட்டவிரோதக் கைதுக்கு நேரடியான பரிகாரம் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்கு முன்வைக்கும் மனு. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அது தாக்கல் செய்யப்பட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. முறைப்பாட்டைக் கையளித்ததே போதுமா, ஆணைக்குழு உண்மையில் விசாரணையைத் தொடங்கியிருக்க வேண்டுமா என்பதில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்காதீர்கள். இலக்கத்தைக் கேட்டுப் பெற்று, விசாரணை தொடங்கிவிட்டது என்று எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், அல்லது மாதம் முடியும் முன் மனுவையே தாக்கல் செய்யுங்கள். மனு வென்றால் கைது சட்டவிரோதமானது என்ற பிரகடனமும் இழப்பீடும் கிடைக்கலாம், அந்த இழப்பீட்டின் ஒரு பகுதியை அதிகாரியே சொந்தப் பணத்தில் கட்டும்படியும் உத்தரவாகலாம். அதனால் குற்றவியல் வழக்கு தானாக முடிந்துவிடாது, அது தன் வழியில் போகும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த தடவை பொலிஸார் லயத்துக்கு வரும்போது, ஆணை இல்லை என்று இளைஞர்கள் கூடி வழிமறிப்பது, ஜீப்பை நகரவிடாமல் நிற்பது போன்றவற்றை எந்தத் தலைவர் சொன்னாலும் செய்யாதீர்கள். நல்லெண்ணத்தோடு, பதவியின் பெயரில் அரச ஊழியர் செய்யும் செயலில் சட்டக் குறை இருந்தாலும், அதற்கு எதிராகத் தற்காப்பு உரிமையைத் தண்டனைச் சட்டக்கோவை பெரும்பாலும் மறுக்கிறது. ஒருவர் மீதிருந்த வழக்கு ஆறு பேர் மீதான கடமைக்கு இடையூறு வழக்காகப் பெருகும். ஜீப்பின் இலக்கம், வந்தவர்களின் பெயர், நிலையம், வந்த நேரம், போன நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். தடுக்காமல், தள்ளி நின்று காணொளி எடுங்கள்.

இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியவை இவை. ஹட்டன் நீதவான் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைக் கொடுத்து, பீ அறிக்கையின் உறுதிப்படுத்திய பிரதிக்குச் சட்டத்தரணி மூலம் விண்ணப்பியுங்கள். கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள நிலையத்துக்குச் சம்பளச் சீட்டோடும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடும் போங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டிப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். அதில் உங்கள் கோபத்தை எழுத வேண்டாம். யார், எப்போது, எந்தக் காம்பராவில், எந்த இடுக்கில், யார் பார்த்திருக்க எடுத்தார்கள் என்பதை மட்டும் நேர வரிசைப்படி எழுதி, தாயாரும் அன்றிரவு விழித்திருந்த அயல் காம்பராக்காரரும் தனித்தனியாகக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியில் அலுவலகத்தின் திகதி முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.